டார்ச்சு அண்ணனின் சாய்ந்த வண்டி

என் அண்ணன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச்சு இருக்கும். பட்டப்பகலிலும் இருக்கும். காய்கறிக் கடையில் கூடையின் அடியைப் பார்க்க, மருந்துக் கடையில் பாட்டிலைத் திருப்பிப் பார்க்க, டீக்கடையில் டம்ளருக்குள் பார்க்க, எல்லாவற்றுக்கும் அதை எடுப்பார். அதனால் தெருவில் அவருக்கு டார்ச்சு என்றே பெயர் நிலைத்துவிட்டது. சின்னவர்கள் டார்ச்சு அண்ணன் என்பார்கள். சம வயதுக்காரர்கள் வெறும் டார்ச்சு என்பார்கள். அது அவருக்கும் தெரியும். தன் முதுகுக்குப் பின்னால் இன்னும் என்னென்ன பெயர் வைத்திருக்கிறார்களோ என்பதுதான் அவருடைய கவலை.

கெட்ட மனுஷர் இல்லை. அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, மாப்பிள்ளையின் பட்டறைக்கு எதிரில் இருந்த டீக்கடையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களிடம் அவர் எப்படிப் பேசுகிறார், மீதிச் சாமான்களைத் திருப்பிக் கொடுக்கிறாரா, கோபம் வந்தால் சுத்தியலை எங்கே எறிகிறார் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

"ஆளு ரொம்ப நல்லவன் மாதிரி தெரியுது பாப்பா," என்றார். "அதான் சந்தேகமா இருக்கு."

அந்தச் சந்தேகத்தோடேயே கல்யாணத்தையும் நடத்தி வைத்தார். என் வீட்டுக்காரருக்குப் பட்டை ஸ்பிரிங் வேலை. லாரி, வேன், பிக்கப் எல்லாவற்றுக்கும் அடியில் வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்களே, அதைக் கழற்றி, உடைந்ததை மாற்றி, தளர்ந்ததை வளைத்துப் பூட்டுகிற வேலை. எங்கள் வீட்டின் முன்பக்கமே பட்டறை. சமையலறையில் நின்றால் சுத்தியல் சத்தம் கேட்கும். எந்தச் சத்தத்துக்கு என்ன வேலை என்று இத்தனை வருஷத்தில் எனக்கே தெரிந்துவிட்டது.

அண்ணனுக்குக் கண்ணாடி ஏற்றுகிற தொழில். ஜன்னல் கண்ணாடி, கடைக் கதவு, ஆள் உயர நிலைக்கண்ணாடி எல்லாம் கண்ணாடிக் கடையிலிருந்து ஏற்றிக்கொண்டுபோய் இறக்க வேண்டும். அதற்கு ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறார். அதை வாங்கியபோதே அது பழசுதான். செடி விற்கிறவர் ஒருவர் விற்றது. எதற்காக விற்கிறார், இதில் என்ன மறைக்கிறார் என்று அண்ணன் தேடித் தேடிப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல், அந்த ஏமாற்றத்திலேயே வாங்கிவிட்டார். பின்னால் மரச் சட்டங்களை இரண்டு பக்கமும் சாய்த்து நிறுத்தி, பழைய போர்வையைச் சுற்றி, கண்ணாடிகளைச் சாய்த்துக் கட்டுகிற மாதிரி ஏற்பாடு செய்துகொண்டார். வண்டி நிறைய ஏற்றின கண்ணாடியைக் கீறல் விழாமல் இறக்குவதில் அவருக்கு நிகர் அவர்தான். எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். குழியை யாரோ வேண்டுமென்றே தோண்டுகிறார்கள் என்றும் நம்பினார்.

கண்ணாடி ஏற்றுகிற வண்டிக்கு நடை முக்கியம். என் வீட்டுக்காரர் இதைச் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கும் ஏறிவிட்டது. பாரத்தைச் சுமப்பது பட்டை. அது ரொம்ப விறைப்பாக இருந்தால் சின்னக் கல்லுக்கும் வண்டி துள்ளும், கண்ணாடிக்கு ஆகாது. ரொம்பத் தளர்ந்திருந்தால் வண்டி தொங்கிப்போய் குழியில் அடி வாங்கும். இதைத் தவிர, பின்பக்கம் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரைக்கும் வளைந்த கம்பி ஒன்று போகும். பேலன்ஸ் ராடு என்பார்கள். அது ஒரு கிலோ பாரம்கூடச் சுமக்காது. வண்டி வளைவில் திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும் இல்லையா, அப்போது சாய்கிற பக்கத்தை முறுக்கிப் பிடித்து நிறுத்தும். அவ்வளவுதான் அதன் வேலை. அதில் ஒரு தொல்லையும் உண்டு. ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் அந்த உதறலை மற்ற சக்கரத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

"புருஷன் பொண்டாட்டி மாதிரி," என்பார் என் வீட்டுக்காரர். "ஒருத்தருக்கு வலிச்சா இன்னொருத்தருக்கும் வலிக்கும். ஆனா வளைவுல கவுத்துவிடாது."

இந்த வண்டி நெடுநாள் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் வண்டியின் தார்ப்பாய் காணாமல் போனது. காற்று பலமாக அடித்த நாள் அது. ஆனால் அண்ணன் காற்றை நம்பவில்லை. அன்றிலிருந்து சாயங்காலம் பாரம் ஏற்றி வந்தால், வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திப் பூட்டுகிற முறையையே மாற்றிவிட்டார் என்று மட்டும் அண்ணி சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பூட்டை இழுத்துப் பார்ப்பதும், திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பதும் எங்களுக்குப் புதுசா என்ன.

அதற்குப் பிறகுதான் வண்டி இடது பக்கம் சாய ஆரம்பித்தது.

முதலில் கண்ணாடிக் கடைக்காரர்தான் சொன்னார். "என்ன டார்ச்சு, உங்க வண்டி ஒரு தோள்ல மூட்டை தூக்கின மாதிரி நிக்குது."

அண்ணன் உடனே எங்கள் பட்டறைக்கு ஓட்டி வந்தார். என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, பின்பக்கம் இடது பட்டை தளர்ந்துபோய்விட்டது என்றார். அண்ணனும் டார்ச்சை அடித்துப் பார்த்தார். இரண்டு பேரும் பட்டை விற்கிற கடைக்குப் போய்ப் புதுப் பட்டை எடுத்து வந்தார்கள். பூட்டுகிற வரைக்கும் அண்ணன் பக்கத்திலேயே நின்றார். அவர் எப்போதும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் போல்ட் முடுக்கினால் இவர் தலையும் கூடவே திரும்பும். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, மூக்குக்கு அருகில் கொண்டுபோய், டார்ச்சு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். தங்கச்சி வீட்டு டீக்கும் அதே மரியாதைதான்.

"பால் திரிஞ்சிருக்கான்னு பாத்தேன்," என்றார்.

"விஷம் இருக்கான்னு பாருங்க மச்சான்," என்று வண்டிக்கு அடியிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. "உங்க தங்கச்சிக்கு என்மேலதான் கோபம். ஆனா டம்ளர் மாறிப்போச்சுன்னா?"

அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு வாய் குடித்தவர், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த வாய் குடித்தார்.

சில மாதம் போனது. வண்டி மறுபடியும் இடது பக்கம் சாய்ந்துவிட்டது. புதுப் பட்டை. போட்டு வருஷம்கூட ஆகவில்லை. இந்த முறை ஒரு கடைக் கதவுக் கண்ணாடியும் வளைவில் உடைந்துபோய்விட்டது.

அன்று மதியம் அண்ணன் வந்தார். நான் சாப்பாடு போட்டேன். இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், கை வைக்கவில்லை.

"மாப்ள, அந்தப் பட்டை புதுசுதானா?" என்றார்.

"நீங்களும்தானே கூட வந்தீங்க மச்சான். உங்க கண்ணு முன்னாலதானே எடுத்தேன்."

"எடுத்தது புதுசு. பூட்டினது எதுன்னு கேக்கறேன்."

என் வீட்டுக்காரர் சோற்றில் வைத்த கையை எடுத்தார். "நீங்க பக்கத்துலயே நின்னீங்களே."

"நடுவுல ஒரு தடவை தண்ணி குடிக்கப் போனேன்."

பிறகு அண்ணன் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடையிலேயே, யாரும் பார்க்காதபோது, அண்ணியின் நகப்பூச்சால் புதுப் பட்டையின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். நேற்று வண்டிக்கு அடியில் படுத்து டார்ச்சு அடித்துப் பார்த்திருக்கிறார்.

"புள்ளி இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு."

"அப்புறம் என்ன அண்ணா?"

"புள்ளி இருக்குன்னா மாத்தலன்னு அர்த்தம். மாத்தலன்னா, கடையில எடுக்கும்போதே அது பழசுன்னு அர்த்தம். பழசைத் தீட்டி எண்ணெய் பூசிப் புதுசுன்னு குடுத்திருக்கான் கடைக்காரன். அந்தக் கடைக்காரன் யாருக்குச் சிநேகிதன்?"

என் வீட்டுக்காரர் பொறுமைக்காரர். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். மெதுவாகக் கேட்டார். "மச்சான், பட்டை தானா அப்படி ஒரு பக்கமா தளராது. ஏதோ ஒண்ணு அந்தப் பக்கத்தையே அமுக்குது. பாரத்தை ஒரு பக்கமா ஏத்துறீங்களா?"

"நான் கண்ணாடி ஏத்தறவன். எனக்கு ஏத்தத் தெரியாதா?"

"சரி. வண்டியை எங்க நிறுத்தறீங்க? எப்படி நிறுத்தறீங்க?"

அண்ணன் முகம் மாறியது. என்னைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார். "வண்டியை எங்க நிறுத்தறேன்னு உனக்கு எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா யாரும் எதையும் கேக்கறதில்ல. தார்ப்பாய் போச்சு. இப்ப வண்டி எங்க நிக்குது, எப்படி நிக்குதுன்னு கேக்கறே."

அதோடு எழுந்துவிட்டார். சாப்பாடு அப்படியே இருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், "பாப்பா, இந்த ஆளு கேள்விக்குப் பதில் சொல்ற மாதிரி எனக்கு என்னிக்கு மனசு வருதோ அன்னிக்கு வரேன். வராட்டா இல்ல."

சொல்லிவிட்டுப் போனவர்தான். அதன் பிறகு எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அவர் குணம் எனக்குத் தெரியும். ஒரு கதவைச் சாத்தினார் என்றால் அதன் மேல் பூட்டும் போடுவார், பூட்டை இழுத்தும் பார்ப்பார். ஒரு பக்கம் கட்டினவர், ஒரு பக்கம் கூடப் பிறந்தவர். காலையில் கடவுளைக் கும்பிட நின்றால் வேறு எதுவும் வாயில் வரவில்லை. அண்ணனைத் திருப்பிக் கொண்டுவந்து விடு என்று மட்டும்தான் வந்தது.

சந்தேகம் ஒட்டுகிற வியாதி. என் வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரம், பட்டறை மூலையில் கழற்றிப் போட்ட பழைய பட்டைக் குவியலை நானே போய்ப் புரட்டினேன். எதைத் தேடினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. நிமிர்ந்தால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இருட்டா இருக்கும்," என்றார். "உங்க அண்ணன்கிட்டயிருந்து டார்ச்சு வாங்கிட்டு வா."

அன்று முழுக்க நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இதற்கிடையில் அண்ணன் நெடுஞ்சாலை ஓரத்து மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோயிருக்கிறார். அவர் வேகமான ஆள். சாய்ந்த பக்கத்துக்குக் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்து, அந்தப் பக்கம் விறைப்பாக இருக்கிறதே என்று மறுபக்கத்துக்கும் ஒன்று சேர்த்துவிட்டார். பேலன்ஸ் ராடைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் நசுங்கி லொடலொடவென்று ஆடியதாம். இது இருந்தால்தான் சத்தம் என்று ராடையே கழற்றி வண்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டார்.

அண்ணி போன் பண்ணினார். "நீ ஒரு ரெண்டு நாள் வந்து இருந்துட்டுப் போயேன்மா. யார்கிட்டயும் பேசறதில்ல. நான் உப்புப் போட்டா ஏன் போட்டேங்கறாரு, போடலன்னா ஏன் போடலங்கறாரு."

அண்ணனே என்னை அழைத்துப்போக வந்தார். ஆனால் வீட்டுக்கு வரவில்லை. தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து நிமிராமல், "வண்டி சத்தமே சரியில்ல," என்று மட்டும் சொன்னார்.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. முன்பு அந்த வண்டியில் போனால் தூக்கம் வரும். இப்போது சாலையில் ஒரு கூழாங்கல் கிடந்தாலும் வண்டி அதை எண்ணிச் சொல்லியது. பின்னால் பாரம் அதிகமில்லை, தையல் கடைக்கு ஒரு நிலைக்கண்ணாடி மட்டும்தான். வெறும் வண்டிக்கு அவ்வளவு பட்டை இருந்தால் அது எதற்கு அசையும்? பலகை மாதிரி நின்று உதைத்தது. அது போதாதென்று வளைவு வந்தால் படகு மாதிரி ஒரு பக்கம் போய், நிமிர்ந்து, மறுபக்கம் போனது. நேராகப் போனால் உதை, திரும்பினால் ஆட்டம்.

"இப்ப பரவாயில்லயா அண்ணா?" என்று கேட்டேன்.

"நேரா நிக்குது," என்றார். "இந்த ஆளு வேலை சுத்தம்."

"ராடு எங்க?"

"உன் காலுக்குக் கீழ."

பாலத்தை ஒட்டின வளைவில் எதிரே ஒரு பஸ் வந்தது. அண்ணன் ஒதுக்கினார். வண்டி இடது பக்கம் அப்படியே படுத்துக்கொண்டது. பின்னால் டக் என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. விரல் நெட்டி முறிக்கிற மாதிரி.

ஓரமாக நிறுத்தி, போய்ப் பார்த்தோம். நிலைக்கண்ணாடியில் மேலிருந்து கீழே ஒரு கோடு ஓடியிருந்தது. அதில் அண்ணன் முகம் இரண்டாகத் தெரிந்தது. அவர் டார்ச்சை எடுத்து அந்தக் கோட்டின் மேல் அடித்தபடியே நின்றார். நல்ல வெயில் நேரம்.

"பாப்பா," என்றார் கடைசியில், "இந்த நெடுஞ்சாலை மெக்கானிக், உன் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சவனா இருப்பானோ?"

இனி யார் எதைச் சொன்னாலும் இவர் மனசுக்குள் போகாது, போகிற வழியெல்லாம் பூட்டுதான் என்று தெரிந்தது.

மறுநாள் பொழுது விடிகிற நேரத்தில் எழுந்தேன். வெளியே போய் நின்று, கிழக்கே பார்த்துக் கும்பிடுவது என் வழக்கம். அண்ணன் வீடு குறுகின தெருவில் இருக்கிறது. வாசலில் இறங்கினேன். வண்டி சுவரோடு ஒட்டி நின்றது. முந்தின சாயங்காலம் ஒரு புதுக் கட்டிடத்துக்கு ஜன்னல் கண்ணாடிகள் ஏற்றி வைத்திருந்தார், நிறையப் பாரம். கையைக் கூப்பினவள் அப்படியே நின்றேன்.

பின்பக்கம் இடது சக்கரம் தரையில் இல்லை. ஒரு சாண் உயரச் சிமெண்டுக் கல் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. சாலை ஓரத்துக்குப் போடுவார்களே, அந்த மாதிரிக் கல். மற்ற மூன்று சக்கரமும் தரையில். பின் கதவு யாரும் திறக்க முடியாதபடி சுவரில் முட்டிக்கொண்டிருந்தது.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஆனால் பட்டைக்காரர் பெண்டாட்டி. குனிந்து பார்த்தேன். கல் மேல் ஏறின பக்கத்துப் பட்டை வளைவே இல்லாமல் தட்டையாக அமுங்கிக் கிடந்தது. மறுபக்கத்துப் பட்டை பாரமே இல்லாமல் தொங்கியது. மேலே அத்தனை கண்ணாடிப் பாரம். ராத்திரி முழுக்க இப்படி. தினம் இப்படி. ராடு மாட்டியிருந்த காலத்தில் அதுவும் ராத்திரி முழுக்க முறுகியே கிடந்திருக்கும், அதன் புஷ் நசுங்காமல் என்ன செய்யும்.

அண்ணி வாசல் தெளிக்க வந்தார். "அண்ணி, இந்தக் கல் எப்ப வந்துச்சு?"

"தார்ப்பாய் போனதுல இருந்துதான். சக்கரம் கல்லு மேல உக்காந்துட்டா, தள்ளிட்டுப் போக முடியாதாம் யாராலயும். தார்ப்பாய் எங்க கிடைச்சுது தெரியுமா? பின்னால காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் மரத்துல மாட்டியிருந்துச்சு. நானே எடுத்துட்டு வந்து காட்டினேன். திருடினவன் பயந்து போட்டுட்டான்னாரு."

என் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. வண்டியை எப்படி நிறுத்தறீங்க? அதற்குப் பதில் இதோ கல் மேல் நிற்கிறது.

உடனே உள்ளே ஓடிச் சொல்ல வேண்டும் என்றுதான் கால் துடித்தது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்து அனுப்பினாரா என்பார். கல்லை எடுக்க வைக்கத்தான் இத்தனை நாடகமா என்பார். இன்னும் ஒரு கல் சேர்த்தாலும் சேர்ப்பார். பொய் சொல்ல எனக்கு வராது, சொல்லவும் கூடாது. பொய் வராத வாயைக் கொடுத்த கடவுளே, இன்றைக்கு மட்டும் கொஞ்சமாகப் பேசுகிற வாயையும் கொடு என்று கும்பிட்டுவிட்டு உள்ளே போனேன்.

அண்ணன் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம்," என்றேன்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தன் பாஷை பேசுகிற ஆள் ஒருத்தி கிடைத்துவிட்ட மாதிரி. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். "சொல்லு."

"உங்க இடது பட்டை பகல்ல கெடலன்னு தோணுது. பகல்ல நீங்க கூடவே இருக்கீங்க. ராத்திரி, வண்டி இங்க நிக்கும்போது, ஏதோ அதை அமுக்குது. எதுன்னு நீங்களே பாத்தாத்தான் தெரியும். நான் சொன்னா நம்பமாட்டீங்க."

"ராத்திரியா?"

"ராத்திரிதான்."

"நானும் நினைச்சேன்," என்றார். நினைத்திருக்கவே மாட்டார்.

அன்று பகல் முழுக்க அவர் வேறு மனுஷராக இருந்தார். சாப்பாட்டில் உப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. ஏற்றின கண்ணாடிகளை இறக்கப் போகாமல் வண்டியைக் கல் மேலேயே விட்டுவிட்டு, ராத்திரி ஜன்னல் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார் என்று அண்ணி காலையில் சொன்னார். ஒரு பூனை வந்ததாம், அதன் மேல் டார்ச்சு அடித்தாராம். வேறு ஒருவரும் வரவில்லை.

விடிந்ததும் நானும் அண்ணியும் வாசலுக்கு வந்தோம். வண்டிக்கு அடியிலிருந்து அண்ணனின் கால்கள் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே டார்ச்சு வெளிச்சம் அங்கும் இங்கும் போனது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கல்லை விட்டு இறக்கினார். சமதரையில் நிறுத்திவிட்டு மறுபடியும் அடியில் போனார். திரும்பவும் வண்டியைக் கல் மேல் ஏற்றினார். அடியில் போனார். இறக்கினார்.

"என்னங்க பண்றீங்க?" என்றார் அண்ணி. "எதிர்வீட்டுக்காரங்க ஜன்னலைத் திறந்துட்டாங்க."

அண்ணன் முஷ்டியை மடக்கிக் காட்டினார். "சமதரையில நின்னா ஆக்சிலுக்கும் மேல இருக்கற ரப்பருக்கும் நடுவுல என் கை போகுது. கல்லு மேல நின்னா விரல்கூடப் போகல." குரல் யாரையோ கையும் களவுமாகப் பிடித்த குரல். "எவ்வளவு பட்டை சேத்தாலும் இது ராத்திரி ராத்திரி அமுக்கியே கொன்னுடும். புதுசு, பழசு எல்லாம் ஒண்ணுதான் இதுக்கு."

கல்லைச் சுற்றி ஒரு தரம் வந்தார். அதன் மேல் டார்ச்சு அடித்தார்.

"இந்தக் கல்லை யாரு இங்க கொண்டாந்து போட்டது?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"நீங்கதான்," என்றார் அண்ணி.

அண்ணன் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். குளிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

கண்ணாடிகளை இறக்கிவிட்டு மதியம் வந்தார். "கிளம்பு பாப்பா, வீட்டுல விடறேன்," என்றார். என் காலுக்குக் கீழே கழற்றின ராடு உருண்டுகொண்டே வந்தது. தெருமுனை வந்தது. இங்கே நிறுத்தி இறக்கிவிடுவார் என்று பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். வண்டி நிற்கவில்லை. நேராகப் போய்ப் பட்டறை வாசலில்தான் நின்றது.

என் வீட்டுக்காரர் ஒரு வேன் பட்டைக்கு யு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். வாங்க மச்சான் என்று சொல்வதா வேண்டாமா என்று அவருக்கே குழப்பம்.

அண்ணன் இறங்கி, ராடைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார்.

"மாப்ள, நீ அன்னிக்கு ஒரு கேள்வி கேட்ட."

"எந்தக் கேள்வி மச்சான்?"

"வண்டியை எப்படி நிறுத்தறேன்னு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு சக்கரத்தைக் கல்லு மேல ஏத்தி நிறுத்தறேன். பாரத்தோட. ராத்திரி பூராவும்."

என் வீட்டுக்காரர் சிரித்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சிரித்திருந்தால் எல்லாம் போயிருக்கும். அவர் ராடைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ராடு நல்லா இருக்கு," என்றார். "புஷ் மட்டும்தான் போயிருக்கு. சேத்த பட்டையை ரெண்டு பக்கமும் எடுத்துட்டு, இடது பக்கம் தளர்ந்ததை மாத்திடலாம். பழையபடி மெத்துன்னு போகும். வளைவுலயும் நிக்கும். நீங்களும் வாங்க, கடைக்குப் போய்ப் பட்டை எடுத்துட்டு வந்துடலாம்."

"நீயே போய் எடுத்துட்டு வா," என்றார் அண்ணன். "நான் உள்ள உக்காந்திருக்கேன்."

என் வீட்டுக்காரர் கையிலிருந்த ராடைக் கீழே வைத்தார். தன் காதில் விழுந்தது சரிதானா என்று என்னைப் பார்த்தார்.

அண்ணன் உள்ளே வந்து, பட்டறைப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் எங்கள் வீட்டில் அந்த மாதிரி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் வெளியே வேலை ஆரம்பித்தது. ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் அவர் தோள் ஒரு தரம் குலுங்கியது.

"அது என்ன சத்தம்?" என்றார்.

"சென்டர் போல்ட்டைத் தட்டிக் கழட்டறாரு."

"இது?"

"வேணும்னா போய்ப் பாத்துட்டு வாங்களேன் அண்ணா."

"வேண்டாம்," என்றார். நாற்காலிக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். இருக்கட்டும்."

டீ கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கினார். கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. பாதி வழியில் நின்றது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய் ஒரு வாய் குடித்தார். அப்புறம் நிறுத்தாமல் மீதியையும் குடித்துவிட்டு வெறும் டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"சக்கரை தூக்கல்," என்றார்.

இப்போது வண்டியைச் சமதரையில்தான் நிறுத்துகிறார். அதற்குப் பதிலாக ராத்திரியில் எழுந்து எழுந்து ஜன்னல் வழியே பார்க்கிறாராம். வயசான காலத்தில் தூக்கம் கெடுகிறதே என்று அண்ணிக்கு வருத்தம். பட்டைக்கு நல்லது என்று என் வீட்டுக்காரருக்குத் திருப்தி.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது, அண்ணன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் நின்று நின்று வந்தார். நானும் என் வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்பக்கம் இடது சக்கரத்துக்கு வந்ததும் கொஞ்சம் அதிகமாகவே நின்றார். ஆனால் குனியவில்லை.